பழைய வாட்ச் வாங்கும் முன்: உள்ளே இருப்பது அதன் சொந்த மெஷினா?

சில வருடங்களுக்கு முன் ஜப்பானின் சீக்கோ கம்பெனி செய்த பழைய டைவர் வாட்ச் (நீரில் மூழ்குபவர்களுக்கானது) ஒன்றை இணையத்தில் பார்த்து வாங்கினேன். பின்மூடியில் 6309-7040 என்று பொறித்திருந்தது. 1976 முதல் 1988 வரை வந்த மாடல். பார்சலைப் பிரித்ததும் பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழைத் திருகித் தளர்த்தி, நாலு சுற்றுச் சுற்றினேன். கரகரவென்று சாவி ஏறியது. குமிழை வெளியே இழுத்தேன். வினாடி முள் டக்கென்று நின்றது. சரியான நேரத்துக்கு வைக்க எவ்வளவு வசதி! நாற்பது வயது வாட்ச் இவ்வளவு சமத்தாக இருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை.

பெருமை ஒரு வாரம் தாங்கவில்லை. ரிப்பேர் கடை அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். மூடியைக்கூடத் திறக்கவில்லை, குமிழை இரண்டு விரலால் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, 6309-க்குக் கையால சாவி கொடுக்க முடியாதே. இது வேற மெஷின்.”

திறந்து பார்த்தோம். உள்ளே என்.எச்.36. சீக்கோ குழுமமே தயாரித்து மற்ற கம்பெனிகளுக்கும் விற்கிற மெஷின். 24 ஜூவல் (உராய்வைக் குறைக்கும் சின்னக் கற்கள்), கையாலும் சாவி கொடுக்கலாம், குமிழை இழுத்தால் வினாடி முள் நிற்கும். 6309 கையசைவில் மட்டுமே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக், 17 ஜூவல்தான். இந்த இரண்டு வசதியும் அதில் கிடையாது. எதைப் பார்த்து நான் மயங்கினேனோ அதுவே ‘நான் வேறு ஆள்’ என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

இத்தனைக்கும் விற்றவர் பொய் சொல்லவில்லை. “உள்ள சீக்கோ மெஷின்தான் சார்” என்றார். உண்மைதான். நான் கேட்டிருக்க வேண்டியது ‘சீக்கோ மெஷினா?’ என்று அல்ல, ‘இந்த வாட்சுக்கு உரிய மெஷினா?’ என்று.

மெஷின் என்று நம் ரிப்பேர் கடைகளில் சொல்வதைத்தான் சேகரிப்பவர்கள் மூவ்மென்ட் என்கிறார்கள். ஸ்பிரிங், பல்சக்கரங்கள், இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் எல்லாம் சேர்ந்த இயந்திரம் அது. அதைச் சுமக்கும் உலோகக் கூடு கேஸ். மேலே டயல், முட்கள், கண்ணாடி. கம்பெனிகள் ஒவ்வொரு மெஷின் வடிவமைப்புக்கும் ஓர் எண் வைத்திருக்கும். அதற்குக் காலிபர் என்று பெயர். ஒரே காலிபர் பல மாடல்களுக்குள் போகும். ஆனால் ஒரு மாடலுக்குள் எந்தக் காலிபர் வரலாம் என்பதற்கு எல்லை உண்டு. பெரும்பாலும் ஒன்றுதான், சிலவற்றில் இரண்டு மூன்று.

‘ஒரிஜினல் மெஷின்’ என்ற சொல் இங்கேதான் குழப்புகிறது. விற்பவர்கள் மூன்று வேறு விஷயங்களுக்கு இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். தொழிற்சாலையில் இந்தக் கேஸுக்குள் வைத்து மூடிய அதே மெஷின் என்பது ஒன்று. காலிபர் சரி, ஆனால் இன்னொரு வாட்சிலிருந்து கழற்றிப் போட்டது என்பது இரண்டாவது. அதே கம்பெனியின் ஏதோ ஒரு மெஷின் என்பது மூன்றாவது. எனக்கு வாய்த்தது மூன்றாவது ரகம். முதல் ரகத்தை நிரூபிப்பது கஷ்டம், பல வாட்சுகளில் முடியவே முடியாது. புதிதாக வாங்குகிறவர் குறைந்தபட்சம் மூன்றாவதில் விழாமல் இருந்தால் போதும் என்பேன்.

மெஷின் மாறுவதெல்லாம் மோசடியும் அல்ல. தினமும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போன வாட்ச் நின்றுபோனால், உடைந்த பாகம் கிடைக்காத ரிப்பேர்காரர் வேறொரு செத்த வாட்சின் மெஷினை எடுத்து மாட்டிக் கொடுத்திருப்பார். சொந்தக்காரருக்கு மணி தெரிந்தால் சரி. அன்றைக்கு அது நியாயமான ரிப்பேர். முப்பது வருடம் கழித்து அதே வாட்ச் ‘அபூர்வம், ஒரிஜினல்’ என்ற அடைமொழியோடு விலைக்கு வரும்போதுதான் விவகாரம்.

சரி, எப்படிப் பார்ப்பது? சீக்கோவில் ஆரம்பிப்பதுதான் எளிது. ஏனென்றால் அந்தக் கம்பெனி விடையைப் பின்மூடியிலேயே எழுதிவைத்திருக்கிறது.

1960களின் பிற்பாதியிலிருந்து வந்த சீக்கோ வாட்சுகளின் பின்மூடியில் நாலு இலக்கம், ஒரு கோடு, மறுபடி நாலு இலக்கம் இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது மெஷினின் எண். பின்னால் இருப்பது கேஸின் எண். ஆக, 6309-7040 என்றால் 7040 கேஸுக்குள் 6309 மெஷின் இருக்க வேண்டும். அங்கேயே தனியாக இன்னொரு வரிசை எண் இருக்கும். அதன் முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்குச் சுழியம், நவம்பர், டிசம்பருக்கு அந்த மாதங்களின் ஆங்கில முதல் எழுத்து. 83 என்று தொடங்கினால் ஏதோ ஒரு 8-இல் முடியும் வருடத்தின் மார்ச் மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை எண் சொல்லாது. அந்த மாடல் எந்த வருடங்களில் வந்தது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 6309-7040-க்கு 1978, 1988 இரண்டுமே சாத்தியம்.

அடுத்து டயல். ஆறு மணிக்குக் கீழே, டயலின் விளிம்பை ஒட்டி, எறும்பு எழுத்தில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாது. அதிலும் முதல் நாலு இலக்கம் மெஷின் எண்தான். புதியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணும் பின்மூடியில் உள்ளதோடு பொருந்த வேண்டும் என்று நினைத்து நல்ல வாட்சைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது பொருந்த வேண்டியதில்லை. விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-இல் ஸ்கைலேப் 4 பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போன வகை மஞ்சள் டயல் சீக்கோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியில் 6139-6005 என்று இருக்கும், டயலில் 6139-6009 என்று இருக்கும். அதுதான் சரி. பார்க்க வேண்டியது முன்னால் இருக்கும் 6139 மட்டுமே.

மூன்றாவது இடம் மெஷினே. மூடியைத் திறந்தால் அதன் மேல் காலிபர் எண் பொறித்திருக்கும். ஆட்டோமேட்டிக் வாட்சுகளில் கையசைவுக்குச் சுழலும் அரைவட்டத் தகடு ஒன்று உண்டு, ரோட்டார் என்பார்கள். படத்தில் பளிச்சென்று தெரிவது அதில் எழுதியிருப்பதுதான். ஆனால் ரோட்டாரைக் கழற்றி மாட்டுவது ரொம்பச் சுலபம். அதனால் அதற்குக் கீழே இருக்கும் தகட்டிலும் எண் தெரிகிறதா என்று பாருங்கள்.

ஆக மூன்று சாட்சிகள்: பின்மூடி, டயல், மெஷின். இவற்றில் முதல் இரண்டையும் தனித்தனியாக மாற்ற முடியும் என்பதை மறக்கக் கூடாது. என் வாட்சில் பின்மூடியும் 6309, டயலும் 6309. ஒழுங்கான இரண்டு சாட்சிகளுக்கு நடுவில்தான் வேற்றாள் உட்கார்ந்திருந்தார். விளம்பரத்தில் மெஷினின் படம் மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திறக்காமலே தெரிந்துகொள்ள

அந்த அண்ணன் விரலால் கண்டுபிடித்ததை நாமும் செய்யலாம். அதற்கு முன்னேற்பாடு ஒன்றுதான்: வாங்கப்போகும் மாடலில் எந்தக் காலிபர் இருக்க வேண்டும், அதன் குணங்கள் என்னென்ன என்று படித்துவைத்துக்கொண்டு போக வேண்டும். கையால் சாவி ஏறுமா? குமிழை இழுத்தால் வினாடி முள் நிற்குமா, ஓடுமா? தேதியைக் குமிழை வைத்து வேகமாக மாற்ற முடியுமா, அல்லது முட்களை நள்ளிரவைத் தாண்டிச் சுற்றித்தான் மாற்ற வேண்டுமா? ஒவ்வொரு காலிபருக்கும் இதற்குத் தனித்தனி விடை உண்டு. இருக்க வேண்டிய வசதி இல்லை என்றால் பழுதாகக்கூட இருக்கலாம். இருக்கக் கூடாத வசதி இருந்தால் சமாதானம் சொல்ல வழியே இல்லை. பழைய மெஷின் கெட்டுப்போகும். புதிதாக ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளாது.

காதும் உதவும். டிக் டிக் என்பது எல்லா வாட்சிலும் ஒரே வேகம் இல்லை. மணிக்கு 18,000 துடிப்பு என்றால் வினாடிக்கு 5. 21,600 என்றால் 6, 28,800 என்றால் 8. காதால் எண்ணுவது கடினம், ஆனால் போனின் மைக்கில் வாட்சை வைத்தால் துடிப்பைக் கணக்கிட்டுச் சொல்லும் டைம்கிராஃபர் செயலிகள் இருக்கின்றன. வெளியூர் வாட்ச் என்றால், அமைதியான அறையில் சத்தத்தோடு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாம். 1950களின் வாட்ச் என்று சொல்லிவிட்டு வினாடிக்கு 8 அடித்தால், மேலே பேச ஒன்றும் இல்லை. (என் விஷயத்தில் இது கைகொடுத்திருக்காது. 6309, என்.எச்.36 இரண்டுமே 21,600 தான். எந்த ஒரு சோதனையும் தனியாகப் போதாது என்பதற்கு நானே உதாரணம்.)

வினாடி முள் வினாடிக்கு ஒரு தாவலாகப் போனால் உள்ளே பேட்டரி மெஷின் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படியும் ‘சாவி கொடுக்கும் பழைய வாட்ச்’ என்று படத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் தடயங்களில் எனக்குப் பிடித்தது டயலின் கால்கள். டயலின் பின்புறம் ஊசிபோல இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். அவை மெஷினில் உள்ள துளைகளுக்குள் இறங்கி டயலைப் பிடித்துக்கொள்ளும். துளைகளின் இடம் காலிபருக்குக் காலிபர் வேறு. வேறு மெஷினை மாட்டுகிறவர் என்ன செய்வார்? கால்களை வெட்டிவிட்டுப் பசையிலோ ஒட்டும் டேப்பிலோ டயலை உட்கார வைப்பார். அது நேராக உட்காராது. 12 மணிக் கோடு துளி வலது பக்கம் சாய்ந்திருக்கும், தேதி எண் ஜன்னலின் நடுவில் இல்லாமல் ஓரம் ஒட்டி நிற்கும், சின்ன வினாடி முள்ளின் அச்சு அதன் வட்டத்துக்கு நடுவில் இருக்காது. நேராக மேலிருந்து எடுத்த ஒரு நல்ல படமே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் சிலர் சாய்த்துச் சாய்த்தே படம் எடுக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

குமிழையும் பக்கவாட்டில் பாருங்கள். மெஷினிலிருந்து வரும் சாவித்தண்டு கேஸில் உள்ள துளையின் நடுவில் வெளியே வர வேண்டும். மெஷின் உயரமோ தாழ்வோ ஆனால் தண்டு துளையில் உரசும், குமிழ் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

மூடியைத் திறந்தபின்

இதை வீட்டில் கத்தி முனையால் நெம்பிச் செய்ய வேண்டாம். பின்மூடியில் கீறல் விழும், ரப்பர் வளையம் பிசகும். பக்கத்து ரிப்பேர் கடையில் பத்து நிமிட வேலை.

எண்ணைத் தவிர இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மெஷின் கேஸுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது? அதற்கென்றே செய்த கேஸ் என்றால் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் பொருந்தி, திருகோ வளையமோ பிடித்திருக்கும். வெட்டிய பிளாஸ்டிக் துண்டு, காகித மடிப்பு, கையால் ராவிய வளையம் எல்லாம் இருந்தால் யாரோ சிரமப்பட்டு உள்ளே திணித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக்கைக் கண்டாலே பதற வேண்டாம். பிற்காலச் சீக்கோக்களில் தொழிற்சாலையே பிளாஸ்டிக் வளையம்தான் வைத்தது.

ஸ்விஸ் வாட்சுகளுக்கு வந்தால் பின்மூடியில் இப்படி நேரான விடை கிடைக்காது. அங்கே பல பிராண்டுகள் மெஷினைத் தாங்களே செய்யவில்லை. ஏ. ஷில்ட், ஈட்டா, பெஸூ போன்ற மெஷின் தயாரிப்பாளர்களிடமிருந்து வாங்கித் தங்கள் கேஸில் வைத்தார்கள். அந்த மெஷின்களின் காலிபர் எண்ணும் தயாரிப்பாளரின் முத்திரையும் பெரும்பாலும் பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியிலோ அதை ஒட்டியோ பொடி எழுத்தில் இருக்கும். டயலில் ஒரு பெயர், உள்ளே வேறு முத்திரை என்பது அங்கே சாதாரணம். அதைப் பார்த்துப் போலி என்று சண்டைக்குப் போனால் நாம்தான் அசடு வழிய வேண்டும்.

நம் ஊரிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. எச்.எம்.டி. 1961-இல் பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்துதான். அதனால் எச்.எம்.டி. ஜனதாவைத் திறந்தால் உள்ளே இருக்கும் 17 ஜூவல் மெஷின் பழைய சிட்டிசனின் உடன்பிறப்பு மாதிரி இருக்கும். அது சரியான மெஷின். அதே ஜனதாவைக் குலுக்கும்போது உள்ளே ரோட்டார் சுழலும் சத்தம் கேட்டால் அது தவறான மெஷின், ஏனென்றால் ஜனதா கையால் சாவி கொடுக்கும் வாட்ச். பழகுவதற்கு எச்.எம்.டி.யைத்தான் நான் சொல்வேன். தவறு செய்தாலும் சொத்து அழியாது.

ஒமேகாவில் தவறு செய்தால் சொத்து அழியும். நிலாவுக்குப் போன, நிறுத்துகடிகாரமும் சேர்ந்த ஸ்பீட்மாஸ்டர் மாடலின் கதையைப் பாருங்கள். அதன் மாடல் எண் பின்மூடியின் உள்பக்கம் இருக்கும். 145.012 என்றால் உள்ளே 321 என்ற காலிபர். 1968-இல் வந்த 145.022 என்றால் 861. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 321 இருக்கும் வாட்சுக்கு விலை மிக அதிகம், ஆகவே மாற்றிவைக்கும் ஆசையும் அதிகம். திறந்தால் அடையாளம் சுலபம்: நிறுத்துகடிகாரத்தை ஓட்டி நிறுத்தும் வேலையை 321-இல் கோட்டைக் கொத்தளம் மாதிரி தூண்கள் நிற்கும் ஒரு குட்டிச் சக்கரம் செய்கிறது. 861-இல் அந்தச் சக்கரம் இல்லை, தட்டையான ஒரு தகடுதான். திறக்காமலும் வழி இருக்கிறது. 321 மணிக்கு 18,000, 861 மணிக்கு 21,600. முன்னே சொன்ன போன் செயலி வினாடிக்கு ஐந்தா ஆறா என்று சொல்லிவிடும்.

ஒமேகா மெஷின்களில் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். அது காட்டும் காலமும் மாடல் வந்த காலமும் ஒத்துப்போக வேண்டும். பேலன்ஸ் சக்கரத்தைத் தாங்கும் தகட்டில் (பாலம் என்பார்கள்) மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், அந்த மெஷின் அமெரிக்காவுக்கு இறக்குமதியானது என்று அர்த்தம். ஒமேகாவுக்கு ஓ-எக்ஸ்-ஜி, லாஞ்சினுக்கு எல்-எக்ஸ்-டபிள்யூ. ‘தாத்தா லண்டனில் வாங்கியது, வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை’ என்ற கதையோடு வரும் வாட்சுக்குள் இந்த எழுத்துகள் இருந்தால் தாத்தாவைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாம்.

இத்தனையும் ஒத்துப்போனாலும் ஏமாறலாம் என்பதற்குப் பெரிய சாட்சி ஒமேகாவேதான். 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் என்ற ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1957-ஆம் வருட ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் ஸ்விஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல் அதே கம்பெனி, அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கோத்த வாட்ச் என்று அறிவித்தது. முன்னாள் ஊழியர்கள் சிலருக்கு அதில் பங்கு உண்டு என்றும் சொன்னது. தயாரித்தவரே ஏமாறும் ஆட்டத்தில் நாம் எம்மாத்திரம் என்று கேட்காதீர்கள். கோடிகள் புழங்கும் இடத்தில் அந்த அளவுக்கு உழைத்து ஏமாற்றுகிறார்கள். நாம் வாங்கும் விலைக்கு வாட்சை அவ்வளவு கவனமாகப் போலி செய்ய யாருக்கும் கட்டுபடியாகாது. நமக்கு வருபவை பெரும்பாலும் சோம்பேறித்தனமான கலவைகள். அவற்றை மேலே சொன்னவை பிடித்துவிடும்.

விற்பவரிடம் என்ன கேட்பது? நான் இப்போது கேட்பது நாலு படம், ஒரு வீடியோ. நேராக மேலிருந்து டயல், பின்மூடியின் வெளிப்பக்கம், உள்பக்கம், கேஸுக்குள் இருக்கும் நிலையிலேயே மெஷின். மெஷினைத் தனியாக வெளியே எடுத்துவைத்து அனுப்பும் படம் எனக்கு வேண்டாம். அது எந்த வாட்சினுடையது என்று யார் கண்டது? வீடியோவில் குமிழைச் சுற்றி, இழுத்து, தேதியை மாற்றிக் காட்ட வேண்டும். “திறந்தால் சீல் போய்விடும்” என்று சிலர் சொல்வார்கள். நாற்பது வருட ரப்பரில் அப்படி என்ன சீல் மிச்சம் இருக்கப்போகிறது? திறக்க மாட்டேன் என்றால், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத வாட்சுக்கு உரிய விலையைத்தான் சொல்வேன். பாதிப் பேர் அதற்குப் பிறகு படம் அனுப்பிவிடுகிறார்கள்.

மெஷின் மாறியிருக்கிறது என்று தெரிந்தும் வாங்கலாமா? தாராளமாக. தினமும் கட்டிக்கொள்ளத்தான் என்றால் எனக்கு வந்த என்.எச்.36 பழைய 6309-ஐ விட வசதியானது, உதிரி பாகமும் எளிதாகக் கிடைக்கும். கேஸுக்கும் டயலுக்கும் ஒரு விலை, ஓடுகிற மெஷினுக்கு ஒரு விலை, அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது அதுபோல இரண்டு மடங்கு.

அந்த வாட்ச் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நேரம் நன்றாகவே காட்டுகிறது. 6309 மெஷின் ஒன்று தனியாகக் கிடைத்தால் போட வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தாலும் அது இரண்டாவது ரகம்தான். அதுவரை பெட்டியின் மூடிக்குள் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவைத்திருக்கிறேன்: ‘கேஸ், டயல் 6309. மெஷின் என்.எச்.36.’ என் பிள்ளைகள் யாராவது இதை விற்கப் போனால், வாங்குகிறவர் முதலில் அதைப் படிக்கட்டும்.